மர ஆப்பு

பொத்னியா வளைகுடா. ஜனவரி. இரவு பதினொன்று.
வெள்ளோட்டம் வந்த கப்பலின் ஆறாம் தளத்தில்
6114-ஆம் அறை முனகுகிறது.
வாயை மூடிக்கொண்டு யாரோ
ஒற்றை எழுத்தை இழுப்பதுபோல: ம்ம்ம்ம்.
பல் துலக்கும் குவளைத் தண்ணீரில்
வட்டத்துக்குள் வட்டம், கலையவே இல்லை.

எஞ்சினோ ஐந்து தளம் கீழே
ரப்பர் மெத்தைமேல் படுத்திருக்கிறது.

கப்பலை முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டாக்கித்
துண்டுக்கொரு பேரேடு வைத்திருந்தாள் ரய்யா லெஹ்தோவாரா.
வரவு: அதிர்வு. செலவு: வெப்பம்.
மிச்சமெல்லாம் பக்கத்துத் துண்டுக்குக் கைமாற்று.
மூன்று முறை கூட்டிப் பார்த்தாள்.
கணக்குப்படி 6114 தூங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

குழாய் பொருத்தும் ஸீரி கணக்கைப் பார்க்கவில்லை.
திருப்புளியின் கைப்பிடியைக்
காதுக்குப் பின்னெலும்பில் ஊன்றி
முனையால் கப்பலைத் தொட்டுத் தொட்டு நடந்தாள்.

தகட்டில் நெளிந்து வருகிறது ஓசை.
மூலையில் முட்டிப் பாதி திரும்புகிறது,
பாதி
சட்டம் பற்றி மேலேறுகிறது.
சலவை அறையில் கம்பளி அதைத் தின்கிறது,
சமையற்கட்டின் கரண்டிகளில் கொஞ்சம் சிந்துகிறது.
ஐந்தாம் தளத்தில் ஆளையே காணோம்.
பிறகு, சுவருக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாயில்
திடீரென்று அத்தனையும்.

பலகையைக் கழற்றிக் கைவிட்டாள்.
குழாய்க்கும் சட்டத்துக்கும் இடையில்
விரல் நீளத்தில் பிர்ச் மர ஆப்பு.
அக்டோபர் அவசரத்தில்,
ரப்பர் பிடி வந்துசேரும்வரை முட்டுக்கொடுத்தது.
பிடி வந்தது. ஆப்பை எடுக்க மறந்தாயிற்று.
அதன்மேல் பென்சிலில் போட்ட குறி
ஸீரியின் குறிதான்.

பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டாள்.
குவளைத் தண்ணீர் கண்ணாடியாயிற்று.
"என்ன செய்தாய்?" என்றாள் ரய்யா.
"இறுக்கினேன்."

மறுநாள் காலை அறைக்காரர், சமையலாள் டெம்மு,
கண் சிவந்து வந்து நின்றார்.
முனகல் போய்விட்டதாம். நன்றியாம்.
ஆனால் அதன் அடியில் ஒளிந்திருந்ததெல்லாம்
இப்போது கேட்கிறதாம்.
6116-இல் மின்பணியாளன் நள்ளிரவில்
தொலைபேசியில் யாரிடமோ
போகாதே, போகாதே என்கிறானாம்.
எதிர்முனையில் பேச்சே இல்லையாம்.
"அவனை நான் காலையில்
எந்த முகத்தோடு பார்ப்பேன்?
அந்த முனகலையே திரும்ப வைக்க முடியுமா,
பாதியாவது?"

ஆப்பசைத்த குரங்காக நின்றாள் ஸீரி.
ரய்யா அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்:
6114. நாற்பத்தொரு டெசிபல். நிறைவு.

சட்டைப்பைக்குள் விரல்
மரத்தின் கூர்முனையைத்
தடவிக்கொண்டே இருந்தது.