அளபெடை

ஃபோர்ட் டேவிஸில் இரவு பத்துக்கு மேல்
பெட்ரோல் பங்க்கூடத் தலைகுனிந்துதான் விளக்கெரிக்கும்.
மலைக்கு மேல் நாங்கள் விழித்திருப்பது
ஊருக்கே தெரியும்.

தொண்ணூற்றொரு கண்ணாடியும் ஒரே திசை பார்க்க,
நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு
முறுக்குப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்கிறேன்.
யாரும் இல்லை. ஆனாலும் சத்தமில்லாமல்.

திரை முழுக்க இரைச்சல், வெட்டாத புல் மாதிரி.
ஒன்று நாற்பதுக்கு அதில் ஒரு முள் எழுந்தது.
ஒரே ஒரு கோடு,
நீலம் பச்சையாகத் திரும்பும் இடத்தில்,
பின்னால் வேறு வெளிச்சம் ஏதுமின்றி.

எலெக்ட்ரான் கடைசிப் படிக்கு விழும்போது
ஹைட்ரஜன் சொல்வது குட்டையான ஒரு சொல்.
புற ஊதா. நம் கண்ணுக்கு எட்டாது.
ஆனால் வழியே விரிந்துகொண்டு போனால்
வருகிற சொல்லும் நீளும்தானே.
திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நடத்துநர்
போலாஅஅம் என்று இழுப்பாரே, அப்படி.
பத்தாம் வகுப்பில் எனக்கு
இரண்டு மதிப்பெண் போன அளபெடை
ஏறத்தாழ நான்கு மடங்காக
டெக்சஸில் வந்து நிற்கிறது.

ஆஸ்டினிலிருந்து மெரிடித் எழுதினாள்:
ஆக்சிஜனாக இருக்கும்,
பக்கத்து வீட்டு கேலக்ஸி, தள்ளிவிடு.

நியாயம்தான்.
அருகிலிருக்கும் ஆக்சிஜன் கொஞ்சமே நீண்டாலும்
இதே இடத்தில் வந்து உட்காரும்.
துணைக்கு இன்னொரு கோடு இருந்தால்
இன்னார் என்று சொல்லிவிடலாம்.
அந்தத் துணை விழுகிற நிறமோ
எங்கள் கருவிக்குத் தெரியாது.
ஒற்றைச் சாட்சி.
முந்நூறு கோடி ஆண்டா, ஆயிரத்து நூறு கோடியா?

கோட்டைப் பெரிதாக்கினேன்.
நீலப் பக்கம் செங்குத்தாக வெட்டுண்டு கிடந்தது,
சிவப்புப் பக்கம் வால் நீண்டிருந்தது.
வழியில் வாயு தின்ற மிச்சம்.
அணில் கடித்த கொய்யா மாதிரி இருக்கிறது என்று எழுதினேன்.
மெரிடித்துக்குக் கொய்யா பிடிபடவில்லை.
கோடு சமச்சீராக இல்லை என்று திருத்தினேன்.
சரி, நிகழ்தகவு புள்ளி ஏழு ஒன்று போடு என்றாள்.
போட்டேன்.

இன்னும் ஒரு மணி நேரம் பார்த்தால்

வாசலில் ரொசெண்டோ,
தொப்பியைக் கையால் அழுத்தியபடி.
காற்று நாற்பத்தைந்து மைலைத் தாண்டிவிட்டதாம்.
நாற்பத்தைந்து என்றால் நாற்பத்தைந்துதான்.
பொத்தானை நானேதான் அழுத்தினேன்.
கூரை பல்லை நறநறவென்று கடித்து மூடிக்கொண்டது.

பூமி என்று ஒன்று உண்டாகும் முன்பே
கிளம்பியதாக இருக்கலாம்.
இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும்,
அலுமினியத் தகட்டில் பட்டு,
வண்டி நிறுத்துமிடத்துச் சரளையில் பட்டு,
ரொசெண்டோவின் டிரக் மேல்
மூன்று வாரத் தூசியில் பட்டு.
புள்ளி ஏழு ஒன்று அளவுக்கு.

முறுக்கு இருக்கிறதா என்று கேட்டான்.
இருந்தது. ஒடித்துக் கொடுத்தேன்.
அவன் கடித்த சத்தம்
அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகம்தான்.