ஏழாம் இலக்க அறை

பத்து மணிக்கு ஏழாம் அறை காலியானது.
கட்டிலுக்குக் கீழே ஒற்றைக் காலுறை,
உள்ளே கனமாய் ஏதோ.
எலியென்று நினைத்து விளக்குமாற்றால் தட்டினேன்.
உருண்டு வந்தது
ஒரு முருகைக்கல்.

உள்ளங்கை அளவு.
மூளையைப் போல மடிப்பு மடிப்பாய்.
மடிப்புகளுக்குள் இன்னும் கொஞ்சம் பச்சை,
கெடத் தொடங்கிய கடலின் வாடை.
விமான நிலையத்தில் சோதிப்பார்கள் என்று
பயந்து விட்டுப் போனார்களோ,
மறந்தே போனார்களோ.

நல்ல மனிதர்கள்தான்.
மூன்று இரவும் ஒரே துவாயைக் காயப்போட்டார்கள்.
குளியலறைச் சுவரில் நாங்கள் ஒட்டிய அட்டை
மூன்று மொழிகளில் கெஞ்சுகிறது:
தண்ணீரைச் சேமியுங்கள், பூமிக்கு உதவுங்கள்.
தமிழில் மட்டும் அது 'புமி'.
இரண்டு வருடமாய்ச் சொல்கிறேன்.
மாற்றவில்லை.
அந்த வரியை வாசிக்கிறவள் நான் ஒருத்திதானே.

மேசையில் ஆயிரம் ரூபாயும்
சிரிக்கும் முகமொன்று கீறிய தாளும்
வைத்திருந்தார்கள்.

நிலாவெளியில் கச்சான் வீசும் மாதங்களில்
எந்த அறையும் சும்மா கிடப்பதில்லை.
பின்னேரம் நான்கு மணிக்கு மோட்டார் இரையும்,
நீச்சல் தடாகம் விளிம்பு தொடும்.
நான்கு வேலிகளுக்கு அப்பால்
என் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால்
பால் திரைகிறது.
சொல்லலாம், முதலாளியிடம் சொல்லலாம்.
அந்தத் தடாகத்தில்தான் மிதக்கிறது
மகளின் டியூஷன் காசு.

கல்லைக் கழுவி வரவேற்பு மேசையில் வைத்தேன்,
பார்த்தாவது வெட்கப்படட்டும் என்று.
மத்தியானத்துக்குள் மூன்று பேர் கேட்டார்கள்,
இது எங்கே வாங்கலாம்?

எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன்.
நௌபர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான்.
புறாமலைக்கு நாளைக்கு நான்கு தடவை.
'கல்லில் கால் வைக்காதீர்கள்' என்பதை
ஐந்து பாஷையில் பாடமாக்கி வைத்திருக்கிறான்.
வைத்தவரைப் பாதியில் ஏற்றிக்கொண்டு திரும்பி
காசும் வாங்காமல் ஏச்சு வாங்கியவன்.
'இதைத் திரும்பக் கொண்டுபோய் வை' என்றேன்.
சிரித்தான்.
'மௌத்தாப் போச்சு அக்கா.
ஊன்றினால் தளிர்க்க
இதென்ன மரவள்ளித் தடியா?'

ஏச வாயெடுத்தேன், அந்தக் காலுறைக்காரியை.
பதிவேட்டில் அவள் பெயர்கூடத் தெரியும்.
பாதியில் நாக்கு நின்றது.
அப்பா சூளை வைத்திருந்தார்.
வண்டி வண்டியாய் இந்தக் கல்தான் வந்திறங்கும்,
எரிந்து, நீறி, சுண்ணாம்பாகும்.
ஒவ்வொரு தைக்கும் எங்கள் சுவர் வெளுத்தது அதில்தான்.
அந்த வெள்ளையில் கரித்துண்டால்
முதல் எழுத்தை எழுதியவள் நான்.
காலுறைக்குள் ஒன்று.
எங்கள் சுவருக்குள் எத்தனை?
நௌபருக்கு இதைச் சொல்லவில்லை.

அவன் கல்லை வாங்கி மணந்தான்,
முகத்தைச் சுளித்தான்,
பிறகு யோசித்தான்.
வள்ளத்தில் ஏறியிருந்த எட்டுப் பேரிடமும்
கைக்குக் கை கொடுத்தான்.
'பிடியுங்கள். மணந்து பாருங்கள்.
நேற்று வரைக்கும் உயிரோடிருந்தது.'
சொன்னது எத்தனை பேருக்கு விளங்கியதோ.
நாற்றம் விளங்கியது.
சின்னப் பெடியன் ஒருவன்
இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு
யாரிடமும் கொடுக்காமல் இருந்தான்.
வள்ளம் போய்விட்டது.

ஏழாம் அறைக்கு இரண்டு மணிக்கு ஆள் வருகிறது.
விரிப்பை மாற்றினேன்.
குளியலறையில்
முதலாளியின் நீலப் பேனையால்
'புமி'க்குச் சுழியைப் போட்டேன்.
கையோடு 'பூமிக்கு' என்பதன் மேலே
இன்னொரு சொல் எழுதினேன், சின்னதாய்:
பக்கத்துக் கிணற்றுக்கும்.

யாரும் வாசிக்கப் போவதில்லை.
ஆனாலும் மையை ஊதிக் காயவைத்தேன்.
வெளியே,
இன்றைக்கு நேரத்தோடேயே,
மோட்டார்.