நான்காவது இறக்கை

போர் விமானத்தில் இது சுலபம்.
தலைக்கு மேலே வெறும் வானம்.
கண்ணாடியைப் பிய்த்தெறி,
இருக்கைக்கு அடியில் ராக்கெட்டைப் பற்றவை,
ஆள் மேலே போய்ச் சேர்ந்துவிடுவான்,
நல்ல அர்த்தத்தில்.

ஹெலிகாப்டரில்
தலைக்கு மேலே சுற்றுவதுதான்
ஆளைத் தூக்கி வைத்திருக்கிறது.
முதலில் அதை அறுக்க வேண்டும்.

ஓசூர் சிப்காட், இரண்டாம் கட்டம்,
பேக்கரிக்குப் பின்னால் தகர ஷெட்.
பத்தொன்பது வருஷமாய்
உடையாத போல்ட் வரைந்தவள் நான்,
லாரிக்கு, டிராக்டருக்கு, காற்றாலைக்கு.
இப்போது கேட்கிறார்கள்:
பறக்கும் வரை உடையவே கூடாது,
சொன்ன கணத்தில்
உடையாமல் இருக்கவே கூடாது.

நடுவில் ஒரு காடி வெட்டினேன்.
ஆழம் ஒன்று புள்ளி நாலு.
உள்ளே ஒரு சிட்டிகை மருந்து.
"டாலரன்ஸ் எவ்வளவு மேடம்?"
எதைக் கொடுத்தாலும்
லேத் பசவராஜுவின் முதல் கேள்வி அதுதான்.

இறக்கை நாலு.
நாலும் ஒரே மூச்சில் கழல வேண்டும்.
ஒன்று மட்டும் தங்கினால்
அந்த ஒற்றைக் கை
மொத்த உடம்பையும் உலுக்கிக் கிழித்துவிடும்.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால்
கைவிட்ட கருங்கல் குவாரி.
பொம்மைக்கு எடை எழுபத்தெட்டு கிலோ.
யாரோ அதன் சட்டைப்பையில்
பேனா செருகியிருந்தார்கள்.
பனி விலகவில்லை.
வனத்துறையிலிருந்து போன்:
மூன்று யானை, ஒரு குட்டி, கடக்கட்டும்.
பத்தே முக்கால் வரை காத்திருந்தோம்.

மூன்று போயிற்று.
நான்காவது
பதினொரு மில்லிசெகண்ட் யோசித்தது.

இமை மூடக்கூடப் போதாத நேரம்.
வேகக் கேமராவில்
திரும்பத் திரும்பப் பார்த்தோம்:
இருக்கை எழும்புகிறது,
பேனா மட்டும் தனியே மிதக்கிறது,
பிறகு தோள் இருந்த இடத்தில்
பஞ்சு.

குறை மருந்திலா காடியிலா என்று
வாதம் நடக்கையில்
கொள்ளுக் காட்டிலிருந்து எல்லம்மா வந்தாள்.
முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள்.
"இது உங்களோடதா?
மாட்டுக்கு நாலடி தள்ளி விழுந்துச்சு."

என் போல்ட், பாதி.
உடைந்த முகம் கல்கண்டு போல மினுங்கியது.
அருமையான உடைசல்.
ஒழுங்காகப் போன மூன்றில் ஒன்று அது.

"மேல இருந்த ஆளு பொழைச்சாரா?"
"ஆளில்லைம்மா, பொம்மை."
"அதானே" என்றாள்.
"ஆளா இருந்தா கீழ பாத்திருப்பான்."

பாத்திருக்க மாட்டான்.
நான் அவளிடம் சொல்லவில்லை.
அவனுக்குக் கிடைப்பது முழுசாய் ஒரு நொடிகூட இல்லை,
அதிலும் கழுத்தை நேராக வைத்துக்கொள்ளச் சொல்லித்தான்
பயிற்சி.

ராத்திரி வரைபடத்தைத் திறந்தேன்.
சக்கரத்துக்குக் கீழே வெள்ளைத்தாள்.
இத்தனை மாதத்தில்
ஒருவரும் தரை வரையவில்லை.

காடியை ஒன்று புள்ளி ஆறாக்கினேன்.
வலது ஓரத்தில்,
அளவு எதுவும் போடாமல்,
ஒரு மாடு வரைந்தேன். கொம்பு சரியாக வரவில்லை.

காலையில் பசவராஜு
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இதுக்கு டாலரன்ஸ் எவ்வளவு மேடம்?"