முப்பத்திரண்டு அங்குலம்

டெரன்ஸின் கார் ஷெட்டில்
இரண்டு பலகைகள் சாய்ந்து நின்றன.
ஒல்லி, அலையில் சட்டென்று திரும்பும்.
அகலம், எமரால்டு ஏரியில்
நின்றபடியே தேநீர் குடிக்கலாம்.
எதற்கு வேண்டும் என்றார்.
இரண்டுக்கும்.
அப்படிக் கேட்டவர்களெல்லாம்
கடைசியில் இரண்டு வாங்கினார்களாம்.

என்னிடம் இருப்பது ஒரே லாரி.
திங்களும் வியாழனும் கேட்டியில் கேரட் ஏற்றி
கூடலூர் வழியே கோழிக்கோடு.
மூட்டை இறங்கியதும் இரண்டு மணி நேரம் கடல்.
மற்ற விடியல்களில்
தைலமரங்கள் தலைகீழாய் நிற்கும் தண்ணீர்.

அளவு நாடாவை இழுத்தேன்:
முப்பத்திரண்டு அங்குலம்.
நான் படுத்துறங்கும் கேபின் பலகையைவிட
நாலு விரல் கூட.

ஏரியில் போட்டுப் பார்த்தோம்.
முட்டி போட்டேன். எழுந்தேன்.
நடுங்கியது பிரேக் மிதிக்கும் கால்,
கல்லட்டி இறக்கத்தில்கூட நடுங்காத அதே கால்.
காலடியைப் பார்த்தவரை ஆட்டம்.
எதிர்க்கரையில் ஒரு தேயிலைப் பாத்தியைப்
பிடித்துக்கொண்டேன், கண்ணால்.
நின்றது.

கரையில் மங்கி குல்லாவோடு கிளீனர் பெள்ளி:
"எடுத்துடுங்கக்கா, விழலையே!"

விழவில்லைதான்.
அலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கும்;
வால் ஒடுங்கியிருக்கிறது, மன்னிக்கலாம்.
பாக்கி மூவாயிரம் அடுத்த லோடில்.

வியாழன் இரவு, கூடலூர் சோதனைச்சாவடி.
தார்ப்பாயைத் தூக்கிய காவலர்
டார்ச்சை அதன் நீளத்துக்கும் ஓட்டினார்.
"கேரட்டுக்கு மேல என்னம்மா, கதவா?"
ஆமாம் சார் என்றேன்.
எந்த வீட்டுக்கு என்று
அவர் கேட்கவில்லை.