வெற்றுப் பெட்டி

முதல் எண் மாறியிருந்தது.
மூன்று நான்காகியிருந்தது, அவ்வளவுதான்.
புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மாறினால்
காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை.
புள்ளிக்கு முன்னால் மாறினால்
இரவு வர மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

ஹான்ஸ்ட்ஹோல்மில் மீன் ஏலம் காலை ஆறு மணிக்கு.
அதற்குள் ஒவ்வொரு படகின் ஒவ்வொரு பெட்டியும்
எடையோடும் வகையோடும் மேகத்தில் ஏறியிருக்க வேண்டும்.
பெயர்தான் மேகம்.
பிராங்க்பர்ட் பக்கம் குளிரூட்டிய ஒரு கட்டடம் அது.
அதில் ஏற்றவும் இறக்கவும் நாங்கள் நம்பியிருந்த நூலகத்தை
எழுதியவர்கள் கெடு வைத்துவிட்டார்கள்:
நவம்பருக்குப் பிறகு பழையதற்கு வைத்தியம் இல்லை.
இரண்டு முறை ஆறப்போட்டோம்.
மூன்றாவது முறை அக்டோபர் முடிந்திருந்தது.

பதிப்பை மாற்றி ஓட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு சிவப்பு வரிகள்.

அவை நல்ல பிழைகள்.
பெயர் மாறிய செயல்கள், இடம் மாறிய அளபுருக்கள்,
எல்லாம் கத்திக் கத்தித் தம்மைக் காட்டிக்கொடுத்தன.
நானும் யெப்பெயும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு
கம்பு ரொட்டியும் ஹெர்ரிங்குமாக
வியாழன் இரவுக்குள் தீர்த்தோம்.

கத்தாத ஒன்று
மாற்றக் குறிப்பின் பத்தொன்பதாம் பக்கத்தில் படுத்திருந்தது.
"எதுவும் இல்லாத இடத்தில்
இனி வெற்றுப் பட்டியல் தரப்படாது.
எதுவும் தரப்படாது."

மூன்று முறை படித்தேன்.
ஜன்னலில் வடகடலின் மணல் உரசிக்கொண்டிருந்தது.

போன குளிர்காலத்துத் தரவு முழுவதையும்
சோதனைத் தளத்தில் மறுபடி ஓடவிட்டேன்.
டிசம்பர் ஓடியது. ஜனவரி தொடங்கவில்லை.
முதல் தேதி, முப்பத்தொன்றாம் படகு:
ஹவ்டர்னன்.
இல்லாததை எண்ண முடியாது என்றது திரை.

"சுற்றி ஒரு உறை போடு," என்றான் யெப்பெ, கோட்டில் ஒரு கை நுழைத்தபடி.
"இல்லை என்று வந்தால் வெற்று என்று எடுத்துக்கொள்.
ஒரே வரி. பழையபடி ஆகிவிடும். போய்த் தூங்கு."

ஒரே வரிதான். எழுதியும் விட்டேன்.
சேமிக்கும் முன் எடைமேடைக்கு அழைத்தேன்.
இரவுப் பணியில் டோர்த்தெ.
பின்னால் ஐஸ் கொட்டும் சத்தம்.

"ஹவ்டர்னனா? அதைப் பெல்ஜியத்துக்கு விற்று
இரண்டு வருஷம் ஆகப்போகிறதே.
டோர்கில்டுக்கு முழங்கால் போய்விட்டது."

மீன் இல்லாமல் வந்த படகு வேறு.
படகே இல்லாதது வேறு.
பழைய நூலகம் இரண்டுக்கும்
ஒரே வெற்றுப் பெட்டியை நீட்டியிருந்தது,
நாங்கள் அதைப் பூஜ்யம் கிலோ என்று
நாள் தவறாமல் பலகையில் ஏற்றியிருந்தோம்.

அதோடு முடியவில்லை.
ஐஸ் ஆலையின் செலவைப் படகுகளுக்குச் சமமாகப் பிரிக்கிற நிரலும்
முப்பத்தொன்றால் வகுத்துக்கொண்டிருந்தது.
மாதம் எண்பத்தைந்து குரோனர்,
இருபத்து மூன்று மாதம்,
படகில்லாத ஒருவர் கணக்கிலிருந்து.

காலையில் நானே அழைத்துச் சொன்னேன்.
"தெரியும்," என்றார் டோர்கில்ட்.
"பலகையில் பெயர் வருவதற்கு அதுதான் கட்டணம் என்று நினைத்தேன்."
பிறகு கொஞ்ச நேரம் இருமினார்.
"இனி வராது, அப்படித்தானே?"

வராது என்றேன்.
பணம் திரும்பி வரும் என்பதையும் சொன்னேன்,
அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

உறையை அழித்தேன்.
வெற்றுக்கு ஒரு கிளை, இன்மைக்கு ஒரு கிளை.
பட்டியலைத் தொடும் அறுபத்தேழு இடங்களிலும்
எது எது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன்.
ஞாயிறு போயிற்று.
பதிப்பு எண்ணைப் பூட்டுக்கோப்பில் பூட்டினேன்,
ஐந்து வரும்வரை.

திங்கள், ஐந்து ஐம்பது. பலகையில் முப்பது பெயர்கள்.
இங்கர்லிஸெ, பூஜ்யம் கிலோ.
அது சரியா என்று ஓடிப் பார்த்தேன்.
சரிதான்.
காபி இயந்திரத்தின் முன் அதன் மாலுமி,
தரையெல்லாம் தண்ணீர் சொட்ட,
காற்றைத் திட்டிக்கொண்டிருந்தான்.