இறங்கிய பிறகு

விண்டர்தூர், பிப்ரவரி. கண்ணாடிக்கு வெளியே
சேறாகிப்போன பனி.
நுஸ்பௌமருக்கு நான் தீவு விற்றுக்கொண்டிருக்கிறேன்.

விமானம் இறங்கியதும், என்கிறேன்,
ஹோட்டல் வேன் நிற்கும், முன்பணம் கட்டினால்.
பேரம் பேசத் தெம்பிருந்தால் டாக்சி.
பஸ் உண்டு; எப்போது என்பது
பஸ்ஸுக்கே தெரியாது.
தென்முனைக்குப் படகு, அலை விட்டால்.
ஸ்கூட்டர் வாடகைக்கு,
ஆனால் எழுபதைத் தாண்டினால் காப்பீடு இல்லை.

எழுபத்தொன்று, என்கிறார். சிரிக்கவில்லை.
மிக்ரோஸ் பையை மடியில் வைத்து
மடித்து மடித்துச் சின்னதாக்கி,
"நடந்து போகலாமா?"

பதினொரு வருடத்தில் எவரும் கேட்டதில்லை.
வரைபடத்தைப் பெரிதாக்குகிறேன்.
ஆறு கிலோமீட்டர். கரும்பு, கரும்பு, ஒரு பாலம்,
பெயரில்லாத ஒரு சிவப்புக் கூரை,
மறுபடி கரும்பு.
நடைபாதை இருக்கிறதா, படத்தில் தெரியவில்லை.

"என் ஹில்டே எங்கும் நடந்தேதான் போவாள்."
டிக்கெட் ஒன்றுதான் எடுக்கிறார்.

ஆறரைக்கு என் பஸ் வரவில்லை.
பலகையில் தாமதம் பத்து, பிறகு இருபது,
பிறகு வெறும் கோடு.
காலுறை நனைய வீடுவரை நடக்கிறேன்,
நாலு கிலோமீட்டர்தான்.
ரயில் பாலத்தில் மூச்சு வாங்கும்போது
கணக்குப் போடுகிறேன்:
அவருக்கு இதுவரை ஒரு நிழலும் இருக்காது.

தொப்பி எடுத்துப்போகச் சொல்லவேண்டும், நாளை.