இருட்டில் ஒரு கண்ட்ரோல் எஸ்

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
மடிக்கணினியை மூடாமலே ஏந்தி வந்தார் பிலோமினா,
கொதிக்கும் குழம்புச் சட்டியைப் போல.
மேலே போர்த்திய பாலித்தீனில் மழை.

"தம்பு செட்டி தெருவுல கரன்ட் போச்சு.
பேட்டரியும் கிழம். ஹைபர்னேட் போட்டேன்.
இப்ப எழுப்புனா மூஞ்சி காட்டமாட்டேங்குது.
உள்ள பதினோரு பக்கம். சேவ் பண்ணல.
நாளைக்குப் பத்தரைக்குக் கோர்ட்டு."

முதலில் சார்ஜரைச் செருகினேன்.
விசிறி ஓடுகிறது. திரை கறுப்பு.
அணைந்த கறுப்பு இல்லை,
பின்னால் வெளிச்சம் வைத்துக்கொண்டு
வாய் திறக்காத கறுப்பு.

கேப்ஸ் லாக்கைத் தட்டினேன்.
பொட்டு விளக்கு வந்தது, போனது.
ஆள் உள்ளேதான் இருக்கிறார்.

"பவர் பட்டனை அமுக்கிப் பிடிண்ணா" என்றான் கஜபதி.
அவன் கையைத் தட்டிவிட்டேன்.

தூங்குமுன் எல்லாவற்றையும் வட்டில் எழுதிவைத்தது.
எழுந்ததும் எழுத்தெல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டது.
போன செவ்வாய் ராத்திரி, கேட்காமலே
தன்னைப் புதுப்பித்துக்கொண்ட கிராபிக்ஸ் டிரைவர்தான்
எழுந்திருக்கவில்லை.
கூட்டம் கூடிவிட்டது,
மைக் செட்டுக்காரரைத்தான் காணோம்.

நாலு விசையை ஒருசேர அழுத்தினேன்:
ஒரு பீப். அவ்வளவுதான்.
வேறு மானிட்டரில் மாட்டினேன்:
அதிலும் அமாவாசை.

"பார்க்காம டைப் அடிப்பீங்களாக்கா?"
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
முப்பத்தொரு வருஷம். ஹையர், இரண்டு மொழியிலும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
ஒன்றும் தெரியாத திரையின் முன்
கண்ணை வேறு மூடிக்கொண்டார்.
என்டர். கடவுச்சொல். என்டர்.
"இப்ப கண்ட்ரோல் எஸ். பேர் கேக்கும்."
"எங்க கேக்குது?"
"கேட்டுச்சுன்னு வெச்சுக்குங்க."
வழக்கு எண்ணை அடித்தார். என்டர்.

வட்டின் விளக்கு துடித்தது,
இரண்டு, மூன்று தரம்.
கஜபதி மூச்சு விட்டான்.

அப்புறம்தான் பவர் பட்டன். பத்து எண்ணினோம்.
முகம் வந்தது. கோப்பு இருந்தது.
புது டிரைவரைக் கழற்றி
மார்ச் மாதத்துப் பழையதை உட்கார வைத்தேன்;
தானாகப் புதுப்பிக்கும் கதவைச் சாத்தினேன்.
மூன்று முறை தூங்கவைத்தேன். மூன்று முறையும் எழுந்தது.
நாலாவதுக்கு அவர் விடவில்லை.

பதினோராம் பக்கம்,
வியாசர்பாடிப் பெண் ஒருத்தியின் ஜீவனாம்ச மனு,
"ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள் தயைகூர்ந்து"
என்பதோடு நின்றிருந்தது.

நானூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
என் கவுன்டரிலேயே
மிச்சத்தை அடிக்க ஆரம்பித்தார்.
இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு,
வரிக்கு ஒரு சேவ்.